அப்பா நிறுத்திய இடங்கள்

தாள் சுத்தமாக இருந்தது. அப்படி இருந்திருக்கக் கூடாது.

நான் பள்ளிப் படிப்பை முடித்த கல்லூரியின் சுவடிக்கூடத்தில், மேற்கு யன்னலை ஒட்டிய நீள மேசையில், அப்பாவின் கையெழுத்தில் ஒரு பேச்சு எனக்கு முன்னால் விரிந்து கிடந்தது. கோடிட்ட பரீட்சைத் தாள்கள். நீல மை ஊதாவாகி இருந்தது. பழைய கடதாசிக்கே உரிய புளித்த வாசத்துக்கு மேலாக, புத்தம்புதிய அழிறப்பரின் வாசம் அடித்தது.

நான் தேடி வந்தது மையை அல்ல. சொற்களுக்கு இடையே அப்பா பென்சிலால் இழுத்திருந்த சிறிய சாய்கோடுகளை. பேசும்போது எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று தமக்குத் தாமே இட்டுக்கொண்ட குறிகள் அவை. ஒன்றுகூட இல்லை.

பக்கத்தில் நின்றாள் ஷாமிலா. நூலக உதவிக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவி.

“ஒரு கோடும் விடேல்லை அக்கா. நாங்கள் எல்லாரும் இருந்து அழிச்சுத் துப்புரவாக்கிப் போட்டம்” என்றாள்.

அவள் குரலில் இருந்த பெருமையை நான் நன்கு அறிவேன். பரிசு வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது என் குரலும் அப்படித்தான் இருக்கும்.

அடக்கம் பற்றி ஒரு வார்த்தை

இந்தத் தொடரைச் சில வாரங்களாக வாசித்து வருபவர்களுக்கு, இதை எழுதுகிறவள் அடக்கமானவள் அல்லள் என்பது தெரிந்திருக்கும். இன்றுதான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களிடமும் அதை மறைக்கப் போவதில்லை. நான் நன்றாகப் பேசுவேன். மன்னார்த் தீவில் என் வயதில் என்னளவு பேசுகிறவர்கள் இருந்தால், அவர்களை ஒரு மேடையில் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்.

ஆனாலும் என் பேச்சில் ஒரு பகுதி மட்டும் என்னுடையது அல்ல. அது நான் நிறுத்தும் இடம்.

அப்பா இந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். விவாத மேடைகளில் பேர் எடுத்தவர். எனக்கு மூன்று வயது நிரம்பும் முன்னரே, மதவாச்சி வீதியில் நடந்த பஸ் விபத்தில் போய்விட்டார். அவர் முகத்தை நான் படங்களில் அறிவேன். அவர் குரலை அறியேன்.

குரல் இல்லாத ஒருவரை ஊர் எனக்கு அவருடைய மௌனத்தால் விவரித்தது.

பள்ளிமுனையில் நாங்கள் சாமான் வாங்கும் கடைக்காரர், நான் எப்போது போனாலும் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: “உங்கட அப்பா ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு நிப்பார் பிள்ளை. அடுத்த சொல் வருமட்டும் நாங்கள் கதிரை நுனியிலதான் இருப்பம். எதிரணிக்காரன் தண்ணி குடிக்கவும் பயப்பிடுவான்.”

கோயில் முற்றத்திலும், மீன் சந்தையிலும், மாவட்ட அலுவலகமான கச்சேரியின் வாசலிலும் இதே பேச்சுத்தான். அவர் சொன்ன கருத்துகள் எவருக்கும் ஞாபகம் இல்லை. நிறுத்திய விதம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

ஆகவே நானும் நிறுத்தப் பழகினேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு சொல்லைச் சொல்லி, காத்திருந்து, அடுத்த சொல்லை விடுவேன். அம்மா சில வேளைகளில் வாசற்படியில் வந்து நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். போய்விடுவார்.

அப்பாவின் பேச்சு ஒன்று ஒலிநாடாவில் இருந்தது. கடற்காற்றில் அது பூஞ்சணம் பிடித்துப்போயிற்று. ஒருமுறை யாரிடமோ ஒலிநாடா போடும் பழைய வானொலிப் பெட்டி இரவல் வாங்கி அதைப் போட்டுப் பார்த்தோம். இரைச்சல் மட்டுமே வந்தது. மழைக்கு முந்திய கடல் மாதிரி. நான் காதை ஒலிபெருக்கியோடு ஒட்டி வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன். அந்த இரைச்சலுக்குள் எங்கோ அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் நிச்சயம்.

முதல் வரிசைக் கைப்பை

அம்மாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கச்சேரியில் எழுதுவினைஞர். அதிகம் பேசாதவர். ஆனால் நான் பேசும் எந்தக் கூட்டத்துக்கும் வராமல் விட்டதில்லை.

வந்தால் முதல் வரிசைதான். கடும் மண்ணிறக் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, அதன் பித்தளைப் பூட்டின்மேல் பெருவிரலை வைத்தபடி, நான் இறங்கும்வரை அப்படியே இருப்பார். கைதட்டுவதற்குக்கூட அந்த விரலை எடுக்கமாட்டார்.

“சபையில ஒருத்தரும் உங்கட பையைப் பறிக்க வரமாட்டினம் அம்மா” என்று ஒருமுறை கேலி செய்தேன்.

“நீ உன்ர பேச்சைப் பார். நான் என்ர பையைப் பாக்கிறன்” என்றார்.

பதில் இல்லாத கடிதங்கள்

சுவடிக்கூடம் என்றதும் பெரிய மண்டபத்தை எண்ணிவிட வேண்டாம். முன்னாளில் விடுதி மாணவர்களின் நோயறையாக இருந்த ஒரு நீண்ட அறை. கறையான் ஏறாமல் கால்களுக்குத் தகரக் கிண்ணம் வைத்த அலுமாரிகள். யன்னலுக்கு வெளியே நிழல் தேடி வந்து நிற்கும் கழுதைகள்.

அதற்குப் பொறுப்பானவர் நசீமா டீச்சர். முசலிக் கரையில் பிறந்து, சின்ன வயதில், முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், வளர்ந்த பின் திரும்பி வந்தவர். பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் விட்டுப்போன கடிதங்களையும் தனிப்பட்ட கடதாசிகளையும் வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தவர் அவரே. அப்பாவின் கோவைகளை அம்மாவிடம் பெற்றவரும் அவர்தான்.

அங்கே உட்கார்ந்து பிறருடைய கடிதங்களை வாசிக்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு ஒருவர், கிணற்றில் உப்பு ஊறிவிட்டது என்று அதிபருக்கு எழுதிய கடிதம் ஒன்று. மடு மாதா திருவிழாவுக்கு மகனுக்கு விடுமுறை கேட்டு ஒரு தாய் எழுதியது இன்னொன்று. அவன் கணக்கில் பிழை விடாமல் இருப்பதற்கும் மாதாவே வழி காட்ட வேண்டும் என்று அடியில் சேர்த்திருக்கிறார்.

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது, புத்தளத்து அகதி முகாமிலிருந்து ஒரு பையன் தன் வகுப்புத் தோழனுக்கு எழுதியது. முன்பக்கம் முழுவதும் நலம் விசாரிப்பு. பின்பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. தன் சைக்கிள் வேலியோரம் அப்படியே நிற்கிறதா. நின்றால் காற்றுப் போகாமல் பார்த்துக்கொள். நீ அதில் ஓடலாம், வேறு ஒருவருக்கும் கொடுக்காதே.

“இதுக்குப் பதில் என்ன வந்தது டீச்சர்?” என்று கேட்டேன்.

“அத எப்படிப் புள்ள நாங்க கண்டோம்? வந்த கடிதந்தான் இங்க கிடக்கும். போன கடிதம் போன இடத்தில கிடக்கும்” என்றார்.

விவாதத்தில் வளர்ந்தவளுக்கு இது பெரும் வேதனை. எங்கள் மேடையில் ஒரு தரப்புப் பேசினால் மணி அடித்ததும் மறுதரப்பு எழும்ப வேண்டும். இந்த அறையிலோ ஒரு தரப்பு மட்டுமே காலகாலமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தச் சைக்கிளுக்காக நான் பல நாள் ஏங்கினேன். உண்மையில் எதற்காக ஏங்கினேன் என்பது வாசகருக்குப் புரிந்திருக்கும்.

நான் பாடசாலைப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை, கோவைகளை அடுக்கிக்கொண்டிருந்த நசீமா டீச்சர், அப்பாவின் பேச்சைச் சில நிமிடங்கள் எனக்குக் காட்டினார். அப்போதுதான் அந்தப் பென்சில் கோடுகளைக் கண்டேன். அறை முறைப்படி திறக்கப்படும் முன், ஒரு நாள் முழுவதும் அதனோடு இருக்க விடுவதாக வாக்குக் கொடுத்தார்.

அந்த நாள் இந்த ஆண்டு வந்தது. திறப்பு விழாவில் அந்தப் பேச்சை நானே பேசுவது என்றும் ஏற்பாடாயிற்று. கல்லூரி மலரில் அச்சாகியிருந்ததால் சொற்கள் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். வேண்டியிருந்தது நிறுத்தங்கள் மட்டும். அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் தொடங்கிய இடத்தில் தொடங்கினால், ஒரு தடவையாவது அப்பாவைக் கேட்டுவிடலாம். என் வாயால்தான் என்றாலும் கேட்டுவிடலாம்.

ஆண்டிறுதிப் பழக்கம்

நடந்த தவறை விளக்க, எங்கள் பள்ளிக்கூடங்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் தரும் இலவசப் பாடநூல்களை ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதே புத்தகத்தைப் படிப்பார்கள். ஆகவே கடைசி வாரத்தில் வகுப்பே அழிறப்பரும் கையுமாக இருக்கும். பென்சிலால் எழுதிய விடைகள், அடிக்கோடுகள், படங்களுக்கு வரைந்த மீசைகள் எல்லாவற்றையும் அழித்து, துகளை ஊதிவிட்டு, ஆசிரியரிடம் நீட்ட வேண்டும். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கோடு தெரிந்தால் திருப்பி அனுப்புவார். மை தங்கலாம். பென்சில் தங்கக் கூடாது. மன்னாரில் படித்த எந்தப் பிள்ளையின் விரலுக்கும் இது தெரியும்.

நசீமா டீச்சர் திறப்பு விழாவுக்காக மாணவிகளிடம், கடதாசிகளைத் துப்புரவாக்கி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் தமக்குத் தெரிந்த விதத்தில் துப்புரவாக்கினார்கள்.

செய்தி அறிந்து வந்த டீச்சர் தாளை எடுத்துப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “நான் தூசியத்தான் சொன்னேன் புள்ள. தூசியத்தான் சொன்னேன்.”

ஷாமிலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பிழையா அக்கா? சொல்லெல்லாம் அப்படியே கிடக்குத்தானே. ஒரு சொல்லும் நாங்கள் தொடேல்லை.”

எனக்குச் சீற்றம் வந்தால் சொற்கள் அணிவகுத்து வரும். அன்று வந்தவை இவ்வளவுதான். “ஓம். சொல்லெல்லாம் கிடக்கு” என்றேன். அவள் அழத் தொடங்கினாள். டீச்சர் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

சாய்ந்த வெயில்

தனியே இருந்தேன். வெளியே ஒரு கழுதை சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பின்னேர வெயில் யன்னல் விளிம்பில் இறங்கி, மேசையின்மேல் தட்டையாகப் படுத்தது.

இனி இருந்து பயனில்லை என்று, கோவைக்குள் வைப்பதற்காகத் தாளைத் தூக்கினேன். வெயில் அதன் மேற்பரப்பை உரசிக்கொண்டு ஓடியது. அந்தக் கணத்தில், சொற்களுக்கு இடையே மெல்லிய நிழல்கள் எழுந்தன.

அப்பா பென்சிலை அழுத்திப் பிடிக்கிறவர் போலும். அழிறப்பர் கரியைத்தான் கொண்டுபோயிருந்தது. பள்ளம் அப்படியே இருந்தது.

மெதுவாகச் சுட்டுவிரலை வைத்துத் தடவினேன். ஒரு சொல், இரண்டு சொல், பிறகு விரல் நுனியில் ஒரு சிறு வாய்க்கால். மறுபடி சொற்கள். மறுபடி வாய்க்கால். வெயில் போகும் முன் எல்லாவற்றையும் என் குறிப்பேட்டில் பிரதி செய்துகொண்டேன்.

பின்னர் எழுந்து நின்று, கதவைச் சாத்திவிட்டு, அந்த அலுமாரிகளுக்கு முன்னால் பேசிப் பார்த்தேன். தலைப்பு, கடல் பிரிக்கிறதா இணைக்கிறதா என்பது. அப்பா இணைக்கிறது என்ற தரப்பு. தலைமன்னாரில் நின்றால் இருட்டில் தெரியும் அக்கரை வெளிச்சத்தோடு அந்தப் பேச்சு முடிகிறது. அவர் கோடுகளின்படி கடைசி வசனம் இப்படி வந்தது:

“அக்கரையில் / தெரியும் அந்த / வெளிச்சத்தில் எங்களுக்காக / ஒருவர் / விழித்திருக்கிறார்.”

நான் நின்றுவிட்டேன். இது கலை அல்ல. ‘அந்த’ என்று சொல்லிவிட்டு எந்தப் பேச்சாளன் நிறுத்துவான்? எது அந்த? பொருள் நடுவழியில் தொங்குகிறது. மேலே பார்த்தால் அங்கும் அப்படியே. முதற் பக்கத்தில் கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. போகப் போக நெருங்கின. முற்றுப்புள்ளியில் நிற்காமல், ஓடுகிற வசனத்தின் இடுப்பில் நின்றார் அப்பா.

இத்தனை ஆண்டுகளாக நான் கண்ணாடிக்கு முன்னால் எதைப் பழகினேன் என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

சொல்லாமல் விட்டது

வீட்டுக்கு வந்தபோது அம்மா கிணற்றடியில் விளைமீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன, முகம் இருண்டு கிடக்கு? பேப்பர் தரமாட்டன் எண்டிட்டாவோ டீச்சர்?”

“தந்தவ. அம்மா, அப்பா ஏன் ‘அந்த’ எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டினவர்?”

கத்தி நின்றது. “ஆர் சொன்னது?”

“கோடு கிடக்கு. பிள்ளையள் அழிச்சுப்போட்டுதுகள். ஆனாத் தடவினாத் தெரியுது.”

அம்மா கையைக் கழுவினார். செதில் ஒன்று மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. அதை எடுக்காமலே சொன்னார்: “அதுக்கு மேல அவரால ஏலாது பிள்ளை.”

“என்ன ஏலாது?”

“மூச்சு இழுக்க ஏலாது. அப்பாவுக்குச் சின்னனிலயிருந்து முட்டு வருத்தம். மேடையில ஏறினா இன்னும் கூடும். ரெண்டு மூண்டு சொல்லுக்கு மேல ஒரு மூச்சில வராது.”

“ஊர் முழுக்க அதைக் கலை எண்டெல்லோ சொல்லுது.”

“சொல்லட்டும். அவருக்கும் அது நல்லாப் பிடிச்சுது. ‘பாத்தீரே, நான் மூச்சு வாங்கிறதுக்கும் சனம் கைதட்டுது’ எண்டு வீட்ட வந்து சிரிப்பார். சிரிச்சா அதுக்கும் முட்டும்.” அம்மாவும் சிரித்தார். “வெளியில சொல்லாதையும் எண்டார். வருத்தக்காரன் எண்டு அணியில இருந்து எடுத்துப்போடுவாங்கள் எண்டு பயம்.”

“எனக்குமா சொல்லக் கூடாது?”

அம்மா மீன் சட்டியைத் தள்ளி வைத்தார். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார்.

“நீ கண்ணாடிக்கு முன்னால நிண்டு, சொல்லிப்போட்டு நிப்பாய். அவர் நிக்கிற மாதிரியே இருக்கும். அடுத்த சொல்லு வருமோ வராதோ எண்டு எனக்கு நெஞ்சு இடிக்கும். பிறகு நீ சொல்லுவாய். சொன்னா நீ பழகிறதை நிப்பாட்டிப் போடுவாய் எண்டு நினைச்சன்.”

தம் ஏக்கத்தை நான் பேச, தாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் அம்மா. அவருக்கும் ஒலிநாடா இல்லை. நான் இருந்தேன்.

“மருந்து?” என்றேன். “வாயில வைச்சு இழுக்கிற பம்ப் பாவிக்கேல்லையோ?”

அம்மாவின் கண்கள் வீட்டுக்குள், ஆணியில் தொங்கிய மண்ணிறப் பையின் பக்கம் போயின.

“சேட்டுப் பொக்கற்றில வைச்சா துருத்திக்கொண்டு தெரியும் எண்டார். அதாலை என்ர பைக்குள்ளதான் இருக்கும். நான் முதல் வரிசையில இருக்க வேணும். அவர் நிண்டு, இடக்கையை மேசையில ஊண்டினா, நான் பூட்டைத் திறப்பன். சபை அமைதியாத்தானே இருக்கும், அந்தச் சத்தம் அவருக்குக் கேக்கும்.”

“எத்தினை தரம் மேடைக்குக் கொண்டுபோய்க் குடுத்தனீங்கள்?”

“ஒருநாளும் இல்லை. சத்தம் கேட்டாப் போதும் எண்டுவார். மூச்சு தானா இறங்கும் எண்டுவார்.”

இதையெல்லாம் எழுதலாமா என்று சென்ற வாரம் அம்மாவிடம் கேட்டேன். “எழுது. இனி அவரை ஆர் அணியிலயிருந்து எடுக்கப் போகினம்?” என்றார்.

ஒருவர்

திறப்பு விழா அன்று, அந்த அறையில் இடம் போதாமல் முற்றத்தில் கதிரை போட்டிருந்தார்கள். காற்று உப்பாக வீசியது. ஷாமிலா வெள்ளைச் சீருடையில் வாசலில் நின்று, வந்தவர்களுக்கு அவித்த கடலை கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் இரண்டு கைகளாலும் கொடுத்தாள்.

பேச்சின் நிறுத்தங்களை என்ன செய்வது என்று எனக்குள் ஒரு விவாதம் நடந்து முடிந்திருந்தது. பொருள் நிற்கும் இடத்தில் நிறுத்தினால் பேச்சு அழகாக இருக்கும். என்னால் அந்தக் கடைசி வசனத்தை ஒரே மூச்சில், ஓங்கி, கைதட்டல் விழும்படி முடிக்க முடியும். என் நுரையீரலில் குறை இல்லை. என் கர்வத்திலும் குறை இல்லை.

மேடை ஏறினேன். முதல் வரிசையில் அம்மா. மடியில் பை. பூட்டின்மேல் பெருவிரல்.

அவர் நின்ற இடங்களில் நின்றேன். சபை முதலில் திகைத்தது, பிறகு அடங்கியது. கடைக்காரர் கதிரை நுனிக்கு வருவதைக் கண்டேன். பக்கம் திரும்பத் திரும்பக் கோடுகள் நெருங்கின. மூச்சு இருந்தும் நான் நிறுத்தினேன்.

“அக்கரையில்.”

“தெரியும் அந்த.”

“வெளிச்சத்தில் எங்களுக்காக.”

என் இடக்கை மேசையில் ஊன்றியிருந்தது. அதை நான் வைக்கவில்லை. அல்லது வைத்ததை அறியவில்லை.

“ஒருவர்.”

நின்றேன். முற்றம் முழுவதும் மூச்சடங்கி இருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

முதல் வரிசையில் ஒரு பித்தளைப் பூட்டு, டிக் என்று, திறந்தது.

“விழித்திருக்கிறார்” என்றேன்.